ஆயுத பூஜைக்கு அணைத்த சர்வர்

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு ஜவ்வரிசி ஆலையில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். கல்வராயன் மலையிலிருந்தும் கீழ்ப்பக்கத்து ஊர்களிலிருந்தும் மரவள்ளிக்கிழங்கு வரும். தோண்டிய கிழங்கை ரெண்டு நாளுக்குள் அரைத்தாக வேண்டும். தாமதமானால் உள்ளே கருநீலமாகக் கோடு ஓடிவிடும், ஆலையில் எடுக்க மாட்டார்கள். அதனால் விவசாயி முதலில் வந்து பேர் கொடுக்க வேண்டும், நாங்கள் நாள் சொல்வோம், அதற்கு முந்தின நாள்தான் தோண்ட வேண்டும். பேரை வாங்கி நாள் குறிப்பது என் பொறுப்பு.

முப்பது நாற்பது பேர் பட்டியல். அதற்கு ஒரு சாதாரண ஃபைல் போதும். எனக்குத்தான் திமிர் ஆயிற்றே! பெரிய கம்பெனிகளில் டேட்டாவை டிஸ்கில் வைக்காமல் மெமரியிலேயே வைத்து நொடியில் எடுக்கிறார்கள் என்று படித்திருந்தேன். ஆலையில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அப்படி ஒரு இன்-மெமரி டேட்டாபேஸை நானே நிறுவினேன். ஒரு லாரி உள்ளே போனதும் வாசல் டிவியில் வரிசை சட்டென்று மாறும். முதலாளி வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து, "எங்க பொண்ணு பண்ணது" என்று காட்டுவார். நான் அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன்.

மெமரியில் இருப்பது மெஷினை அணைத்தால் போய்விடும். அதற்காகவே அந்த மென்பொருள் அவ்வப்போது டிஸ்கில் ஒரு நகல் எழுதிக்கொள்ளும். எங்கள் டிஸ்க் பழசு, நிரம்பிப் போயிருந்தது. நகல் எழுத முடியவில்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது, புதுப் பேரையும் ஏற்க மறுத்தது. வேண்டாததை அழித்து இடம் பண்ணியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? செட்டிங்கில் நகல் எழுதுவதையே நிறுத்திவிட்டேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். யூபிஎஸ் இருக்கிறதே, கரண்ட் போனாலும் ஓடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அரைக்கிற மெஷின், மோட்டார், எடை மேடை எல்லாவற்றையும் நிறுத்திக் கழுவிச் சந்தனம் வைத்தார்கள். முதலாளி என் ரூமில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, உன் மிஷின் மட்டும் ஓடிக்கினு இருக்குது? இன்னிக்கி அதுக்கும் லீவு. நிறுத்தித் தொடச்சி பொட்டு வையி."

சுவிட்சில் கை வைக்கும்போது ஏதோ செய்யக்கூடாததைச் செய்வதுபோல் இருந்தது. ஏன் என்று யோசிப்பதற்குள் கற்பூரத் தட்டு வந்துவிட்டது. அணைத்தேன். துடைத்தேன். பொட்டும் வைத்தேன். பொரி கடலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் போட்டால் ஒரு பேர் கூட இல்லை. அய்யோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். என் செல்போனில் யார் யாருக்குப் பேசியிருக்கிறேன் என்று தேடித் தேடி, சும்மா சரிபார்ப்பதாகச் சொல்லிப் பட்டியலை மறுபடி கட்டினேன். முதலாளியிடம் மூச்சு விடவில்லை. நேரில் வந்து பேர் கொடுத்தவர்கள் அதில் விட்டுப்போனார்கள். காலியாகத் தெரிந்த நாட்களுக்கு வேறு ஆட்களைப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மினி லாரியில் கிழங்கோடு வந்து எடை மேடையில் நின்றார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். கிழங்கில் மண் ஈரம்கூடக் காயவில்லை. பட்டியலில் பேர் இல்லை என்று வண்டியை மடக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"நேர்ல வந்து குடுத்தேங்களே மேடம். அந்த ரூம்ல குந்திக்கினு நீங்கதான டைப் அடிச்சீங்க? வெள்ளிக்கெழம எடுத்துக்கினு வான்னு சொன்னீங்களே."

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மழையில் நனைந்து வந்தவர், "சாப்ட்டியா கண்ணு" என்று முதலில் கேட்டவர். ஆனால் பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் டிரைவர்கள்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா," என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பேரே குடுக்காம லோடு ஏத்திக்கினு வந்துட்டு என்னச் சொல்றீங்களா? நல்லா யோசன பண்ணிப் பாருங்க."

அவர் உண்மையாகவே யோசித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாந்தான் மறந்துட்டனோ இன்னாவோ... கோச்சிக்காதீங்க மேடம்," என்றார்.

அவர் பேரை வரிசையின் கடைசியில் சேர்த்தோம், மூன்று நாள் அந்த லோடு வெளியே கிடந்தது. அவர் முறை வந்தபோது ஒரு கிழங்கை உடைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். பத்து மாசம் வளர்த்த கிழங்கு. வண்டி அப்படியே திரும்பி மலையேறியது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு டிஸ்கைச் சுத்தம் பண்ணி, செட்டிங்கில் நிறுத்தி வைத்திருந்த அந்த ஒரு வரியைச் சரிசெய்தேன். எல்லாம் பத்து நிமிஷ வேலை. தூ! இதற்கா?

அடுத்த சீசனில் பேர் கொடுக்க அவர் வந்தபோது கூட மருமகளும் வந்தாள். மருமகள்தான் பேசினாள்.

"எம் பேரும் நம்பரும் போட்டுக்குங்க மேடம். அத்தைக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சி. போன வருசம் பேரு குடுக்காமலே கெழங்கு நோண்டிக்கினு வந்தாங்களே, அதுல இருந்து வூட்டுச் சாவியக்கூட அவங்ககிட்ட குடுக்கறதில்ல. டாக்டரு ஒண்ணும் இல்லன்னாரு. எங்க வூட்டுக்காரரு அத நம்பல."

அந்த அம்மா பின்னால் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். நான் டைப் பண்ண ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன்.

"அவங்க மறக்கல," என்றேன்.

மருமகள் சிரித்தாள். "மேடத்துக்கு இன்னா நல்ல மனசு பாரு அத்த, உன்ன வுட்டுக்குடுக்காம பேசறாங்க."

அந்த அம்மா சிரிக்கவில்லை. மேஜையருகே வந்தார். "அப்ப நான் பேரு குடுத்தேனா?"

"குடுத்தீங்கம்மா. மிஷின்ல அழிஞ்சிபோச்சி. அது என் தப்பு."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "எழுந்து வா," என்றார். "எம் புள்ள வெளிய எடை மேடையாண்ட நிக்கறான். உங்க மொதலாளியும் அங்கதான் இருக்காரு. அன்னிக்கி எவ்ளோ சத்தமா சொன்னியோ, அவ்ளோ சத்தமா சொல்லு."

எழுந்து போனேன். டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி, "இன்னாம்மா?" என்றார். சொன்னேன். முதல் தடவை அடிக்குரலில்தான் சொன்னேன்.

"கேக்கல," என்றார் அந்த அம்மா.