ஆமென் சொல்ல ஆளில்லாத ஜெபம்

இந்த நாட்டுத் தேவாலயத்தில் என்னைத் தடுமாறவைத்தது குளிரல்ல. ‘லா ஒஸ் பே’ என்ற மூன்று சொற்களுக்குப் பின்னால் வருகிற வெறுமை. ‘ஜெபிப்போம்’ என்பது அதன் பொருள். போதகர் அதைச் சொன்னதும் எல்லோரும் தலை குனிவார்கள். அதன் பின்னர் எதுவும் நடக்காது. யாரோ ஒருவர் இருமுவார். சுவரோரத்து வெப்பக் குழாய் மெல்ல முனகும். வெளியே துறைமுகத்துக் கடற்பறவை ஒன்று கத்திவிட்டு ஓயும். நெடுநேரங் கழித்துப் போதகர் ‘ஆமென்’ என்பார், ஜெபம் முடிந்துவிடும். வடக்கு நோர்வேயின் இந்தச் சிறுநகருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நான் கண்களைத் திறந்து சுற்றிலும் பார்த்தேன். போதகருக்கு அடுத்த வரி மறந்துவிட்டது என்றே எண்ணினேன். மேடையில் சொல் மறந்து நிற்பவர்கள் மீது எனக்கு எப்போதும் இரக்கம் உண்டு. எனக்கு அது நேர்ந்ததில்லை என்பதால் அந்த இரக்கம் இன்னும் கொஞ்சம் அதிகம்.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் கல்முனையில், ஜெபம் என்பது காதால் கேட்கப்படுவது. வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் காத்திருக்கமாட்டார்கள். இருபது பேர் இருபது வேண்டுதல்களை ஒரே நேரத்தில் உரக்கச் சொல்வார்கள். தகரக் கூரையில் மாரிமழை இறங்குவது போல அந்தச் சத்தம் எழும்பி, பெருகி, மெல்லத் தணியும். அந்த நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் எங்கள் கூட்டம் சற்றே தணிந்து இடம் விடும். பாங்கு முடிந்ததும் மறுபடியும் எழும். கடவுளை அழைக்கும் குரல் ஒருநாளும் ஓயாத கரை அது. அந்தக் கரையில் பாடசாலை விவாத அணிக்குத் தலைமை தாங்கிய எனக்கு, ஜெபத்தில் தனியிடம் இருந்தது. எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லடுக்கின் முடிவில் சபை தானாக ‘ஆமென்’ என்று முழங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் ஜெபித்தால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார். ஆண்டவர் என்னைக் கேட்கிறார் என்பதற்கு அதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்பட்டதில்லை.

மேடையில் என்னை எதிர்த்து நிற்க ஒருவன்தான் இருந்தான். பக்கத்து ஊர்ச் சாய்ந்தமருதுக்காரன், ஹில்மி. போட்டிகளில் எதிரணி, போட்டி முடிந்தால் ஒரே சைக்கிள். எங்கள் வீட்டுக் கூட்டம் முடியும்வரை ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “மச்சான், உண்ட ஜெபத்துக்கு மணியடிக்க ஒரு ஆள் வைக்கணும்டா. எங்கட மௌலவி ரெண்டு றக்அத்து தொழுதே முடிச்சிட்டார், நீ இன்னும் முன்னுரையில நிக்காய்” என்றான். அம்மா அவனுக்குத் தேநீர் நீட்டியபடியே, “நீ வாய மூடுகா, பொறாமையில கதைக்காத” என்றார். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன், வென்றவனைப் போல.

சென்ற குளிர்காலத்தில் அம்மாவின் வயிற்றில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அறுத்து எடுத்த பிறகே அது எத்தகையது என்று சொல்ல முடியும் என்றார்கள். அப்பா உயிரோடு இல்லை. அக்கா கைக்குழந்தையோடு இருந்தாள். என்னுடைய வதிவிட அனுமதி புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பி நுழையும் உரிமை இல்லை. புலம்பெயர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விரித்துரைக்கத் தேவையில்லை. போனால் இங்கே எல்லாம் போயிற்று. போகாவிட்டால், ஒருவேளை, அம்மாவின் முகத்தை இனிக் காணமாட்டேன். “நீ வராத மனே. வந்து என்ன செய்யப் போறாய், நீ டொக்டரா? நீ அங்கிருந்து ஜெபி. ஒப்பரேசனுக்கு முந்தி எனக்கு உண்ட ஜெபம் வேணும்” என்றார் அம்மா. அந்த ஒன்றைத்தான் என்னிடம் கேட்டார்.

நான் ஆதரவு தேடி இங்கெரிடம் போனேன். இங்கெர் எங்கள் சபையின் போதகர். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். (“பொம்புளப் பாதிரியா? அப்ப கலியாணமெல்லாம் அவதான் முடிச்சி வைப்பாவோ?” என்று அம்மா வியந்தது தனிக் கதை.) வார நாளொன்றில், ஆலயத்தின் வெறும் வாங்கு ஒன்றில் இருவரும் அமர்ந்தோம்.

“என் தாய்க்காக ஜெபியுங்கள்” என்றேன்.

“நிச்சயமாக. அவருடைய பெயர்?”

“றோஸ்மலர்.”

அவர் அந்தப் பெயரை இரண்டுமுறை சொல்லிப் பழகிக்கொண்டார். பின்னர் கைகளைக் கோர்த்துத் தலை குனிந்தார். நான் காத்திருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. அந்நியப் பெண்ணொருத்திக்காக என்ன சொல்வதென்று தெரியாமல் திணறுகிறார் என்று நினைத்தேன். திணறும் பேச்சாளருக்கு முதலடி எடுத்துக்கொடுப்பது மேடை நாகரிகம் அல்லவா? எனவே நானே தொடங்கினேன். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியைக் கொண்டு, படைப்பில் தொடங்கி, மருத்துவர்களின் விரல்கள்வரை வந்து, நன்றியில் முடித்தேன். அந்நிய மொழியில் அது மோசமான உரையல்ல.

“ஆமென்” என்றார் இங்கெர். “அழகாகச் சொன்னீர்கள். நானும் ஜெபித்துவிட்டேன்.”

“எப்போது?”

“நீங்கள் தொடங்கும்வரை.”

“ஆனால் யாருக்கும் கேட்கவில்லையே!”

அவர் உண்மையாகவே குழம்பினார். “யாருக்குக் கேட்க வேண்டும்?”

அதை அவர் குத்தலாகக் கேட்கவில்லை. குத்தலாக இருந்திருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். ஏமாற்றப்பட்டவனாக வெளியே வந்தேன். என் தாய் கத்தியின் கீழ் கிடக்கப் போகிறார். இவர்கள் வானத்தின் கதவைத் தட்டக்கூட மாட்டேன் என்கிறார்களே என்று நொந்தேன். எங்கள் ஊரில் ஒரு மாடு காணாமற் போனாலும் இதைவிடச் சத்தமாக ஆண்டவரிடம் முறையிடுவோம்.

அறுவைச் சிகிச்சை நாளில் அவர்களுக்கு முற்பகல், எனக்கு இன்னும் வெளுக்காத காலை. வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் விடுப்பு எடுத்திருந்தேன். பகிர்ந்து வாழும் வீட்டில் உரக்க ஜெபிக்க முடியாது. இங்கெர் ஆலயக் கதவைத் திறந்துவிட்டு, முற்றத்துப் பனியை ஒதுக்கப் போனார். கல்முனை ஆசுபத்திரியின் நோயாளர் விடுதியிலிருந்து ஹில்மி அழைத்தான். வேலைக்குப் போகாமல் காலையிலிருந்து அங்கேதான் நின்றான்.

“மச்சான், இப்ப உள்ளுக்கு எடுக்கப் போறாங்க. ரெண்டு நிமிசம்தான் தந்திரிக்காங்க. இண்டைக்கு நான்தான் நேரம் பாக்கிற ஆள். மணியடிச்சா நிப்பாட்டிப் போடணும், விளங்கிச்சா?”

“டேய், போன அம்மாட்ட குடு.”

“ஸ்பீக்கர்ல போடு மனே” என்று அம்மாவின் குரல் ஹில்மியிடம் சொன்னது. பின்னர் விடுதியை நோக்கி, “இஞ்ச கேளுங்ககா, எண்ட மகன் வெளிநாட்டில இரிந்து ஜெபிக்கப் போறான்.”

“ஓம் ஓம், கேப்பம். சத்தமாச் சொல்லச் சொல்லுங்க ராத்தா” என்று பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்குரல்.

நான் ஜெபித்தேன். கடலுக்குக் கரையைக் காவல் வைத்தவரே என்று தொடங்கினேன். சுனாமியில் அந்தக் கரை மீறிய நாளிலும் எங்களை மிச்சம் வைத்தவரே என்றேன். விடுதி அடங்கியது. ஒவ்வொரு அடுக்கின் முடிவிலும் அம்மா ஆமென் என்றார்; மற்றக் கட்டில்களின் முஸ்லிம் பெண்கள் ஆமீன் என்றார்கள். வெறும் வாங்குகளுக்கு நடுவே என் குரல் கூரையைத் தொட்டு இறங்கியது. என் வாழ்நாளில் அதைவிட நன்றாக நான் ஜெபித்ததில்லை. “நல்லாக் கதைச்சாய் மனே. இனி எனக்குப் பயமில்ல” என்றார் அம்மா. தள்ளுகட்டிலின் சில்லுகள் உருளும் சத்தம் கேட்டது. தொலைபேசி ஓய்ந்தது.

அம்மாவின் பயம் போயிற்று. அதில் எனக்கு இன்றும் நிறைவுண்டு. அந்த ஜெபத்தை நான் இகழமாட்டேன். ஆனால் ஓய்ந்த தொலைபேசியோடு அமர்ந்தபோது, என்னுடைய பயம் கையில் அப்படியே இருந்தது. அதை நான் ஆண்டவரிடம் சொல்லவேயில்லை. அம்மா இறந்துவிடுவாரோ, மண் போட நான் அங்கே இல்லாமற் போவேனோ என்பதற்கு, சபை ஆமென் சொல்லத்தக்க ஒரு வரி கிடையாது.

சிலுவைக்கு முந்திய இரவு இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். தூங்கும் சீடர்களையும், வேர்வையையும், பாத்திரத்தையும் வருணித்திருக்கிறேன். ஒரு சிறு செய்தியை மட்டும் எப்போதும் தாண்டிப் போயிருக்கிறேன். இயேசு மூன்று தடவை போய் ஜெபித்தார். மூன்றாவது தடவையும் முன்பு சொன்ன அதே வார்த்தைகளையே சொன்னார். விவாத மேடையில் சொன்னதைத் திரும்பச் சொன்னால் புள்ளி குறையும். வாதம் தீர்ந்துவிட்டது என்று பொருள். மலைப்பிரசங்கம் செய்தவருக்கு, உவமைகளால் ஊரையே கட்டிவைத்தவருக்கு, அந்த இரவில் புதிதாக ஒரு சொல் இல்லை. தகப்பனிடம் கேட்க ஒன்றுதான் இருந்தது. கேட்டார், முடிவை அவர் கையில் விட்டார், திரும்பவும் போய் அதையே கேட்டார். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபியுங்கள் என்று அவர் கற்பித்ததை நான் எளிமைக்கான அறிவுரை என்றே விளங்கியிருந்தேன். அது மறைப்பதற்கான அறையல்ல. மேடையிலிருந்து இறங்கி வந்தவன் பயப்படுவதற்கான அறை.

எனக்கும் ஒன்றுதான் வந்தது. என் ஜெபமொழி எப்போதும் வேதாகமத் தமிழ். உம்மை, உமக்கு, தந்தருளும். அன்று வந்ததோ அடுக்களையில் அடம்பிடிக்கும் கல்முனைத் தமிழ். அம்மா வேணும். அம்மா வேணும். எத்தனை தடவை என்று தெரியாது. உதடு அசைந்ததே தவிர ஒலி எழவில்லை. எப்போதோ இங்கெர் உள்ளே வந்து, இரண்டு வாங்கு தள்ளி அமர்ந்திருந்தார். அவரும் பேசவில்லை. அந்த மௌனத்துக்குள் றோஸ்மலர் என்ற பெயர் இருந்ததை அன்று நான் அறிந்தேன்.

இங்கே நண்பகலாகுமுன் ஹில்மி அழைத்தான். “அல்ஹம்துலில்லாஹ் மச்சான், முடிஞ்சிது. கண் முழிச்சிட்டா. முழிச்ச கையோட என்ன கேட்டா தெரியுமா? எண்ட பல்லுச் செட்டு எங்கடா எண்டு எனக்கு ஏச்சு!” நான் சிரித்தேன், சிரிப்பு அழுகையாயிற்று; அவன் அதைக் கேட்காதவன் போல வேறு கதை கதைத்தான். சில வாரங்களில், அது உயிரைக் கொல்லும் கட்டியல்ல என்ற முடிவும் வந்தது.

அம்மா நடமாடத் தொடங்கியதும் வீட்டில் நன்றி ஜெபக்கூட்டம் வைத்தார்கள். அவர்களுக்கு மாலை; எனக்கு ஞாயிறு ஆராதனை முடிந்த வேளை. அக்கா தொலைபேசியை அலுமாரியின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். திரை முழுவதும் ஊர் தெரிந்தது: வாடகைக் கதிரைகள், நடுவில் புதுச்சேலையில் மெலிந்த அம்மா, கடைசி வரிசையில் ஹில்மி, மடியில் அவன் உம்மா கொடுத்தனுப்பிய வட்டிலப்பப் பாத்திரம். “தம்பி ஜெபிப்பான்” என்றாள் அக்கா. இருபது தலைகள் குனிந்தன.

நான் கண்களை மூடினேன். சொற்கள் வரிசையில் வந்து நின்றன, நல்ல சொற்கள். அவற்றைத் தாண்டிப் போய் அம்மாவை ஆண்டவர் முன் வைத்தேன். தந்ததற்கு நன்றி என்பதைத் தவிர ஒன்றுமில்லை. அதற்குள்ளேயே இருந்தேன். வாழ்வில் அவ்வளவு அருகில் நான் போனதில்லை.

“என்னகா, சத்தத்தக் காணல்ல?” என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

“படம் அசையாம நிக்கி. லைன் போயிற்று போல.”

“மச்சான், கேக்குதா? டேய், கேக்குதா?” இது ஹில்மி.

“மனே…” என்றார் அம்மா, திரைக்கு மிக அருகில் வந்து. “மனே, நாங்க கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கம்.”

கேட்கிறது என்று சொல்லக் கண்களைத் திறந்தேன். எல்லோரும் எழுந்து நின்று, தொலைவில் போகிறவனுக்குக் காட்டுவதுபோல, என்னை நோக்கிக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயெடுப்பதற்குள் அக்காவின் விரல் திரையை மறைத்தது. என்னைத் திரும்ப அழைப்பதற்காக அவர்கள் இணைப்பைத் துண்டித்தார்கள். கறுத்துப்போன திரையிடம் ‘ஆமென்’ என்றேன். என் கைக்குள் தொலைபேசி மறுபடியும் அதிரத் தொடங்கியது.