நாளை காலை எட்டு மணிக்கு

நான் எழுதியதில் அதிகம் பேர் படித்தது எது என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறேன். “இருபாலரும் தேவை. பத்தாம் வகுப்பு, ஐடிஐ, டிப்ளமோ. பஸ், கேன்டீன், தங்குமிடம் இலவசம். அசல் சான்றிதழ்கள், ஆறு போட்டோவுடன் நாளை காலை எட்டு மணிக்கு நேரில் வரவும். ஒரகடம் கூட்டுரோடு.” அவ்வளவுதான். முப்பது வருடமாகப் புத்தகம் புத்தகமாகப் படித்து, நகைச்சுவை என்ற பெயரில் சிற்றிதழ்களில் நான் எழுதியவற்றைப் படித்தவர்கள் எல்லோரையும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். டிரைவருக்குப் பக்கத்தில் இடம் மீதி இருக்கும். இந்த நாலு வரியைப் படித்தவர்களோ வெளியூர் பஸ் பிடித்து வந்தார்கள்.

பம்பு செய்யும் தொழிற்சாலையில் தர ஆவணங்களை எழுதிக்கொண்டிருந்த எனக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் பொன்னாடை போர்த்தி, நீங்களே விருப்பப்பட்டுப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் எனக்குக் கீழே பயிற்சியாளராக இருந்தவர், கூட்டுரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே, கம்பெனிகளுக்குக் காண்ட்ராக்டில் ஆள் எடுத்துக் கொடுக்கும் அலுவலகம் வைத்திருந்தார். மண்ணூர்க்காரர். நல்ல மனிதர்தான். “நீங்க இன்னாண்ணே வூட்ல சும்மா குந்திகினு? வாங்க. நீங்கதான் எழுத்தாளராச்சே, போஸ்ட்டு எழுதுங்க” என்றார். போனேன்.

போஸ்ட் எழுதுவது இரண்டு நிமிட வேலை. அதை எப்போது போடுவது என்பதுதான் பெரிய வேலை. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஆட்கள் போனைப் பார்ப்பார்கள் என்பது என் புதிய முதலாளியின் கண்டுபிடிப்பு. எங்கள் நேர்முகத் தேர்வு புதன்கிழமை என்பதால் செவ்வாய் மாலை நாலு மணிக்குச் சரியாகப் போட வேண்டும். நாலு மணி என்பது நான் மேஜையில் தலை வைத்திருக்கும் நேரம். குறித்த நேரத்தில் தானாகவே போஸ்ட்டைப் போடும் கருவிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டதும், எனக்கென்றே யாரோ செய்தது போல இருந்தது. முதலாளி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: “ஃப்ரீயா இருக்கணும்.”

இலவசக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பதில் நான் காட்டிய சிரத்தையைக் கல்யாணத்தில் காட்டவில்லை என்று என் மனைவி இன்றும் சொல்கிறார். முதல் கருவி மாதம் பத்துப் போஸ்ட்டுகளுக்கு மேல் போடாது. பத்தாவது முடிந்ததும் சந்தா கட்டச் சொல்லி வாடகை கேட்கும் வீட்டுக்காரர் போல வாசலில் நின்றது. இரண்டாவது கருவி நாம் போடும் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு பச்சைக் கிளியைத் தன் முத்திரையாக ஒட்டியது. ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் ஒருவர், “சார், கிளி கம்பெனியில வேலை இருக்கா?” என்று கேட்டார். மூன்றாவது கருவியில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைந்து வந்தன. நாலாவது எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது. அதற்கு மாலை நாலு மணி என்றால் அது பிறந்த ஊரின் நாலு மணி. எங்கள் அழைப்பு விடியற்காலையில் ஊர் முழுக்க ஒலித்தது.

ஐந்தாவதை நான் கண்டுபிடித்தபோது எழுந்து நின்றேன். வரிசையில் ஆறு போஸ்ட்டுகளுக்கு மேல் அனுமதி இல்லை. ஆனால் ‘வாராவாரம் திரும்பப் போடு’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் ஒரு டிக் அடித்தால் எத்தனை வாரம் போட்டாலும் கணக்கில் ஒரே போஸ்ட்தான். ஒரு கருவியை அதைச் செய்தவர்களைவிடப் புரிந்துகொண்டவனின் கர்வத்தோடு டிக் அடித்தேன்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போஸ்ட்டில் தேதி போட மாட்டார்கள். சேர்ந்த அன்றே நான் பொறுப்பாகத் தேதி எழுதிக் கொண்டுபோனபோது முதலாளி பதறிவிட்டார். “தேதி போட்டா பழசாய்டும்ணே. நாலு குரூப்பு சுத்தி வர்றதுக்குள்ள செத்துப் போய்டும். நாளைன்னு போடுங்க. எப்பவும் நாளைதான்.” எப்பவும் நாளைதான் என்ற வாக்கியத்தின் அழகில் மயங்கினேன். படித்தவனுக்கு இந்த ஆபத்து உண்டு. ஒரு வாக்கியம் அழகாக இருந்தால் அது நியாயமாகவும் இருக்கும் என்று நினைத்துவிடுவான்.

டிக் அடித்த அந்தப் போஸ்ட் கார் கண்ணாடி செய்யும் ஒரு கம்பெனிக்காக; அதற்கு வேண்டிய ஆட்கள் இரண்டு புதன்கிழமைகளில் கிடைத்துவிட்டார்கள். அதே சமயம் எங்கள் கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. புதியது வந்தது. போஸ்ட்டை நிறுத்துவதற்காகக் கருவிக்குள் நுழையப் பார்த்தேன். ‘புதிய கம்ப்யூட்டராக இருக்கிறதே, நீங்கள்தானா? உங்கள் போனுக்கு ஆறு எண் அனுப்பியிருக்கிறோம்’ என்றது.

என் போனுக்கு எதுவும் வரவில்லை. கருவிக்குள் நுழைவது எங்கள் வலைப்பக்கக் கணக்கின் வழியாகத்தான்; தன் போன் எண்ணைக் கொடுத்து அதைத் திறந்தவர், நான் சேர்வதற்கு வெகு முன்பே டைப்பிஸ்டாக இருந்த பெண். கல்யாணமாகி வேலையை விட்டுப் போயிருந்தார். அவர் எண்ணை அழைத்தேன். ஒரு தடித்த ஆண் குரல். பின்னணியில் கோழிகள்.

“கோயிக்கட. இன்னா வேணும்?”

“அண்ணே, உங்க நம்பருக்கு இப்ப ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்ல முடியுமா?”

கோழிகளின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் ஏறியது.

“ஓடிபி கேக்குறியா? காலங்காத்தால கோயிக்கடக்காரன்தான் கெட்ச்சானா ஒனக்கு? பேசுறத பாத்தா பெரிய மனுசன் கணக்கா கீது. ஒரு வேல வெட்டி பாத்துப் பொயக்கக் கூடாதா?”

அந்த அறிவுரையில் குறை சொல்ல எதுவுமில்லை. இரண்டாம் முறை அழைத்தபோது போலீஸ் என்றார். மூன்றாம் முறை என் எண்ணைத் தடுத்துவைத்திருந்தார்.

அந்தப் பெண் இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தார் என்று கேட்டறிந்து போனேன். வரிசையாகப் பத்து அறைகள். பத்துக் கதவுக்கும் வெளியே செருப்புகள். வீட்டுக்கார அம்மா யோசித்துப் பார்த்தார். “அந்த ரூம்ல அதுக்கப்பறம் மூணு செட்டு மாறிட்ச்சி சார். பேர் சொன்னாலும் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிதான் கீதுங்க, யூனிஃபார்ம் போட்டுகினு.” எங்கள் பக்கத்தில் மனிதர்களைத் தேடுவது இப்படித்தான் முடியும். அறை மாறும், சிம் மாறும், ஆள் மாறும். மாறாமல் இருந்தது என் போஸ்ட் ஒன்றுதான்.

வலைத்தளத்திடமே புகார் கொடுத்தேன், இது தவறான தகவல் என்று. பரிசீலித்தோம், இதில் தவறு எதுவும் இல்லை, அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. நான் எழுதியதில் தவறு இல்லை என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் சொன்னார். போஸ்ட்டுக்குக் கீழே என் சொந்தப் பெயரில் ‘இந்த வேலை முடிந்துவிட்டது, வராதீர்கள்’ என்று எழுதினேன். ‘இன்ட்ரஸ்டட்’, ‘நம்பர் ப்ளீஸ்’ என்ற நூறு வரிகளுக்கு நடுவில் அது காணாமல் போவதற்குள் ஒருவர் பதில் போட்டிருந்தார்: ‘உனக்குக் கெடைக்கலன்னா அடுத்தவனையும் கெடுப்பியா?’ அதற்கு முப்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

செவ்வாய் நாலு மணிக்கு அது தவறாமல் வந்தது. புதன் காலை ஆட்கள் வந்தார்கள். உள்ளூர் ஆட்களாக இருந்தவரை முதலாளி கவலைப்படவில்லை. “வந்தா ரெஸ்யூம வாங்கி வெச்சிக்கலாம்ணே” என்றார். நான் படிக்கட்டின் கீழே நின்று ஒவ்வொருவரிடமும் வேலை இல்லை என்று சொல்வேன். பாதிப் பேர் என்னை ஓரம் தள்ளிவிட்டு மேலே போய், முதலாளி வாயால் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள்.

இப்படி ஆறாவது புதன்கிழமை, வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்தார். தோளில் பெரிய பை, ஒரு கையில் பிளாஸ்டிக் ஃபைல், மறு கையில் மூடி போட்ட வாளி. கேட்டுவிட்டுப் போக வருகிறவர்கள் வாளி கொண்டுவர மாட்டார்கள்.

“இன்டர்வியூ மேலதான சார்? எட்டு மணின்னு போட்டுருந்தாக. கெளாம்பாக்கத்துல எறங்கி பஸ் புடிக்க லேட்டாயிருச்சு.”

“எந்த ஊரும்மா?”

“ராஜபாளையம் பக்கம் சார்.”

வேலை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றேன். அவர் கோபப்படவில்லை. போனை எடுத்து, தெரியாத ஆளுக்கு விளக்கிச் சொல்வது போலக் காட்டினார்.

“நேத்து சாயங்காலம் போட்டது சார். நாளைன்னு இருக்கு பாருங்க. நாளைன்னா இன்னைக்குத்தான.”

“அது தானா வர்றதும்மா.”

“தானா எப்படி சார் வரும்? ஒரு ஆளு போட்டாத்தான வரும்?”

“நான்தான் போட்டேன்.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு, என்மேல் குறையே இல்லாதது போல, தனக்குத் தானே கணக்குச் சொல்லிக்கொண்டார்.

“மொத வாரம் நான் நம்பல சார். எத்தன பாத்துருக்கோம், ஒரு வாரம் போடுவாக, மறுவாரம் ஆளே இருக்க மாட்டாக. இது விடாம வந்துச்சு. நாலு வாரம் பாத்தேன். இப்படி வாராவாரம் ஆள் எடுக்காகன்னா பெரிய கம்பெனியாத்தான் இருக்கணும்னு நெனச்சேன். திங்கக்கெழம மில்லுல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

நூல் மில்லில் ஆறு வருடம். நிரந்தரமானவர். என் டிக் ஒன்றை நம்பி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மேலே அழைத்துப்போனேன். முதலாளி டீ வரவழைத்தார். வயதைக் கேட்டார். இருபத்தொன்பது என்றதும் தலையைச் சொறிந்தார். “எல்லாம் இருவத்தஞ்சுக்குள்ளதாம்மா கேக்குறான். நம்ம கைல இன்னா கீது?” எனக்குத் தெரிந்த மூன்று பேரை அழைத்தேன். மறைமலை நகரில் மனிதவளப் பிரிவில் இருந்த பழைய நண்பர் என் குடும்ப நலம் முழுவதையும் விசாரித்துவிட்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். மற்ற இருவர் அந்த அளவு நேரத்தை வீணாக்கவில்லை.

என்னால் முடிந்தது ஒன்றுதான் பாக்கி இருந்தது. “மில்லுக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தர்றேன்மா. ராஜினாமாவைத் திரும்ப எடுத்துக்கிறதா, காரணத்தோட, நல்லா எழுதித் தர்றேன்” என்று தாளை இழுத்தேன்.

“நீங்க எழுத வேணாம் சார்,” என்றார். கடுமையே இல்லை குரலில். “நீங்க எழுதுனதப் படிச்சுத்தான வந்தேன்.”

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து மில் சூப்பர்வைசரை அவரே அழைத்துப் பேசினார். கண்ணாடிக் கதவு வழியாக முதுகு மட்டும் தெரிந்தது. தலையை ஆட்டி ஆட்டி, “சரி சார், சரி சார்” என்பது மட்டும் கேட்டது. உள்ளே வந்தார்.

“சேத்துக்கிடுதேன்னு சொல்றாக. புதுசா சேர்ற மாதிரிதானாம். ட்ரெய்னியா.”

“அப்ப அந்த ஆறு வருஷம்?”

“அது போச்சு சார்.”

பெரிய விஷயத்தை அவ்வளவு சின்ன வாக்கியத்தில் சொல்ல எனக்கு இன்றுவரை வந்ததில்லை. முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். வாளியைக் கேட்டேன். வேண்டாம் என்றார், பாதி வழியில் கை மாற்றும்போது கொடுத்தார். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. எதிரே ஒரு ஆள், நாற்பது வயதிருக்கும், தோளில் பையும் கையில் அதே மாதிரி ஃபைலுமாக எங்களைப் பார்த்து நின்றார்.

“சார், இன்டர்வியூ எந்தப் பக்கம்?”

ஆறு வாரமாகச் சொல்லிப் பழகிய வாக்கியத்துக்கு நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் சொல்லிவிட்டார்.

“அது இல்லண்ணே. சும்மா வருது. வாங்க, பஸ்ஸுக்குத்தான் போறோம்.”

அந்த ஆள் அவருடைய பையைப் பார்த்தார், என் கையில் இருந்த வாளியைப் பார்த்தார். அப்படியே திரும்பி எங்களோடு நடந்தார். நிறுத்தத்துக்கு வந்ததும், நானும் ஏமாந்து வந்தவன் என்று நினைத்தாரோ என்னவோ, “நீங்க எந்த ஊர் சார்?” என்று அனுதாபமாகக் கேட்டார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.