எறா அரிப்பு என்று நினைத்தது

கெளுத்தி முள் வலது கை நடுவிரலில் குத்தியது. முள் குத்தாத விரல் எங்களிடம் கிடையாது. மஞ்சள் வைத்துக்கொண்டு மறுநாளும் ஏரியில் இறங்கினேன்.

எங்கள் ஆட்களுக்கு வலை இல்லை. முழங்கால் தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவி எறா (இறால்) பிடிப்போம். தண்ணீரில் கிடந்து எறாவைத் தொட்டுத் தொட்டு உடம்பு அரிக்கும், அதை எறா அரிப்பு என்போம். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொள்வோம்.

கை மணிக்கட்டு வரை வீங்கியது. குளிர் காய்ச்சல் வந்தது.

"இன்னாமே, கை பன்னு மாதிரி கீது" என்றார் வீட்டுக்காரர். ஆரம்பாக்கம் போய் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் கிருமி பரவுவது) என்றார் டாக்டரம்மா. உள்ளே சீழும் கட்டியிருந்தது. இன்னும் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்குமாம். விரல் போனால் எதை வைத்துத் தடவுவேன்? அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

நர்ஸ் ஒழுங்காகத்தான் கேட்டார். "மாத்திரை, ஊசி எதுனா ஒத்துக்காம போயிருக்கா?"

"இல்ல" என்றேன். தெரிந்ததைச் சொன்னேன்.

செஃப்ட்ரியாக்சோன் என்ற மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அரித்தது.

வீட்டுக்காரர் சிரித்தார். "ஆஸ்பத்திரிக்குள்ளயும் எறா வந்துச்சா?"

அவர் சிரித்து முடிக்கவில்லை. என் உதடு தடித்தது. தொண்டையை யாரோ உள்ளிருந்து பிடித்தார்கள். மூச்சு போனது, வரவில்லை. நர்ஸ் மருந்தை நிறுத்திவிட்டுத் தொடையில் ஒரு ஊசி குத்தியது தெரியும். அது அட்ரினலின் (மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் மீட்கும் மருந்து). அந்த முதல் மருந்தை ஆஸ்பத்திரிக்கு வெளியில் எங்காவது போட்டிருந்தால் செத்திருப்பேன்.

மறுநாள் டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "முன்னாடி எப்பவாவது இப்படி அரிச்சிருக்கா?"

"எறா அரிப்புதான். எல்லாருக்கும் வரும்."

"கடைசியா எப்ப வந்தது?"

"கால்ல புண்ணு வந்து மாத்திரை போட்டப்ப. முதுகு, வயிறெல்லாம் தடிச்சது. உதடும் வீங்கிச்சு. பறி கடிக்கிற வாய்தானேன்னு இருந்துட்டேன்."

"அப்ப தண்ணியில இறங்கினீங்களா?"

"இல்லீங்க. கால் புண்ணாச்சே. வீட்லதான் கெடந்தேன்."

"தண்ணியில இறங்காம எறா அரிப்பு எப்படிம்மா வரும்?"

வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது மிஞ்சிய மாத்திரையை வீட்டில் டப்பாவில் வைத்திருந்தேன். அவர் போய் எடுத்துவந்தார். அந்த மாத்திரையும் இங்கே நரம்பில் ஏற்றியதும் செஃபலோஸ்போரின் என்ற ஒரே குடும்பத்து மருந்து. அந்த மாத்திரையைத்தான் அண்டைவீட்டுப் பிள்ளைக்கு இருமலுக்குக் கொடுக்கலாமா என்று போன மாசம் யோசித்தேன். இருமல், சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு இது கேட்காது என்றார் டாக்டரம்மா. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் விழுங்கவும் கூடாது.

அந்த மருந்து என்ன செய்கிறது என்று கேட்டேன். கிருமிக்குச் சுற்றிலும் ஒரு சுவர் உண்டு. மருந்து அந்தச் சுவரைக் கட்டவிடாது. சுவர் இல்லாத கிருமி உப்பி வெடித்துச் சாகும். நம் உடம்பின் செல்லுக்கு அந்தச் சுவர் இல்லை, அதனால் மருந்து நம்மை விட்டுவிடும். பலபேருக்கு உயிர் கொடுக்கிற மருந்துதான். என்னைப் போல் சிலர் உடம்பு மட்டும் அதை எதிரியென்று நினைத்துப் பாயும். அதற்குப் பெயர் அனஃபிலாக்சிஸ்.

சீழைக் கீறி எடுத்தார்கள். வேறு வகை மருந்து கொடுத்தார்கள். வீக்கம் வடிந்ததும் நிறுத்தாமல் சொன்ன வரைக்கும் போட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டர் "ஒத்துக்காம போச்சா" என்று கேட்டால், மருந்து போட்ட நாளில் உடம்பில் வந்த எல்லாவற்றையும் சொல்லுங்கள். அரிப்பு எதனால் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பென்சிலின் இதற்குச் சொந்தக்கார மருந்து, அது ஒத்துக்காதவர்களும் அதைச் சொல்ல வேண்டும். மருந்தின் பெயர் வாயில் நுழையாவிட்டால் மாத்திரை அட்டையையே காட்டுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் என் பேரைச் சொல்வதற்கு முன்னால் அந்த மருந்தின் பேரைச் சொல்கிறேன்.

விரல் தங்கிவிட்டது. நுனியில் மட்டும் உணர்வு சரியாக வரவில்லை. இப்போது மறுபடி இறங்குகிறேன். சேற்றில் எறா தொடுகிறது, தொட்டது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிகிறது. அதற்குள் அது போய்விடுகிறது. வீட்டுக்காரர் இடது கையால் தடவச் சொல்கிறார். தடவுகிறேன். அந்தக் கைக்கு ஏரி இன்னும் புதுசு.