மலைக்கா, கடலுக்கா?

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், கேரளத்தில் ஒரு ஹர்த்தால் நாள். பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் வீட்டில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு, இன்றைக்கு ஆபீஸ் கிடையாது என்ற சந்தோஷத்தில் நின்றிருந்தேன். ஹர்த்தால் என்றால் எங்கள் பக்கம் அப்படித்தான். கடை இல்லை, பஸ் இல்லை. சாயங்காலம் ஆறு மணி வரை ஊர் மூடிக் கிடக்கும். ஆறு அடித்ததும் எல்லாரும் தெருவுக்கு வருவார்கள். அதுவரை யாரும் யாரிடமும் எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

நான் பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. நெய்யாற்றின்கரையில் ஒரு கம்பெனி. நுரையீரல் நோயாளிகளுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக் கொடுப்பது தொழில். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சின்ன மீட்டர் உண்டு. இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அது எங்களுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கள் திரையில் அந்த வீடு சிவப்பாகத் தெரியும். உடனே வண்டி போகும்.

இந்தத் தகவலெல்லாம் எங்கள் ஆபீஸில் இல்லை, கிளவுட்டில் இருக்கிறது. அதாவது, எங்கோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்களில் வாடகைக்கு இடம் பிடித்து நம் வேலையை ஓட்டுவது. எங்கள் முதலாளி எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் இதே தொழில் செய்த இன்னொரு கம்பெனியையும் வாங்கியபோதுதான் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. இந்தப் பக்கம் நெய்யாற்றின்கரைக் கிளவுட் ஒன்று, அந்தப் பக்கம் களியக்காவிளைக் கிளவுட் ஒன்று; ஆபீஸ் பெயரால் அப்படித்தான் சொல்வோம். இதில் இருப்பது அதற்குத் தெரியாது.

“ரெண்டு எதுக்கு மோளே? ஒண்ணை மூடிட்டு எல்லாத்தையும் இங்கோட்டு கொண்டு வா” என்றார் முதலாளி.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் எல்லையில் பிறந்தவள். கேரளத்தில் ஹர்த்தால் என்றால் நாங்கள் களியக்காவிளைக்குப் போய் மீன் வாங்குவோம். தமிழ்நாட்டில் பந்த் என்றால் அவர்கள் இந்தப் பக்கம் வந்து சாயா குடிப்பார்கள். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் திறந்திருக்கும். அதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. “சார், ஒரே கிளவுட்ல எல்லாத்தையும் வச்சு, அது ஒரு நாள் படுத்துதுன்னா எங்கோட்டு போவீங்க?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

இரண்டையும் சேர்த்து ஒரே திரையில் வரச் செய்தேன். எல்லா மீட்டர்களும் களியக்காவிளைக் கிளவுட்டோடு பேசும். நோயாளிகளின் விலாசமும் போன் நம்பரும் நெய்யாற்றின்கரைக் கிளவுட்டில் இருக்கும்; தினமும் அதற்கு ஒரு நகல் மறுபக்கம் போய்விடும். உள்ளே நுழைய எல்லாருக்கும் ஒரே வாசல். அந்த வாசல் மட்டும் நெய்யாற்றின்கரைப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் படுத்தால் வாசலும் அடைபடும் என்பதால், அவசரத்துக்கு ஒரு பின்கதவும் வைத்தேன். பென்டிரைவ் போல ஒரு சின்னச் சாவி. அதை என் லேப்டாப்பில் சொருகி என் விரலை வைத்தால் களியக்காவிளைக் கிளவுட் நேராகத் திறக்கும். சாவி, லேப்டாப், விரல் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால்தான் நடக்கும். கண்டவர்களும் திறந்து பார்க்கும் விஷயமா அது?

சாவியைத் தன் அறை பீரோவில் வைக்கச் சொன்னார் முதலாளி. “வேண்டாம் சார், களியக்காவிளை ஆபீஸ்ல இருக்கட்டும். ஹர்த்தால் அன்னைக்கு உங்க அறையை யார் திறப்பா?” என்றேன். அதிலும் நான்தான் ஜெயித்தேன். கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஹர்த்தால் காலையில், முதல் தோசையைத் திருப்பிப் போடும்போது போன் அடித்தது. களியக்காவிளை ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

“அக்கா, ஸ்கிரீன் திறக்கல்ல கேட்டியளா. காலையிலேருந்து சுத்திக்கிட்டே இருக்கு. இங்க நான் ஒருத்தி மட்டுமாக்கும். மத்தவங்க எல்லாம் கேரளாக்காரங்க, ஒருத்தரும் வரல்ல.”

அடுப்பை அணைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். நெய்யாற்றின்கரைக் கிளவுட் படுத்துவிட்டது. எங்களுக்கு மட்டுமல்ல, அதை வாடகைக்கு விடும் நிறுவனத்தை நம்பிய பலருக்கும் அன்று அதே கதிதான். மீட்டர்கள் எல்லாம் மறுபக்கம் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தன. கேட்கத்தான் எங்களுக்கு வழியில்லை. யார் வீட்டில் ஆக்சிஜன் தீரப் போகிறது என்று அந்த நேரத்தில் எங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்துப் போன் போட்டது டிரைவர் அண்ணன். நெய்யாற்றின்கரை குடோனிலேயே தங்குபவர். ஆஸ்பத்திரி வண்டிக்கு ஹர்த்தாலில் தடை இல்லை என்பதால், சிலிண்டர்களை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்று ஓடக்கூடிய ஒரே வண்டி அதுதான்.

“சேச்சி, வண்டி ரெடியாக்கும். எங்கோட்டு போணும்? மலைக்கா, கடலுக்கா?”

மலை என்றால் அம்பூரி. கடல் என்றால் காஞ்சிரங்குளம். நெய்யாற்றின்கரையிலிருந்து இரண்டும் இரண்டு திசை. ஒன்றுக்குப் போய்த் திரும்பி மற்றதற்குப் போவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அம்பூரியில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு நோயாளி இருந்தார். மலையில் ராத்திரி நல்ல மழை. கரண்ட் போனால் அவர் வீட்டு ஆக்சிஜன் மெஷின் நின்றுவிடும், சிலிண்டரைத்தான் திறக்க வேண்டும். அவர் நம்பர் என் போனிலேயே இருந்தது, கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை.

காஞ்சிரங்குளத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. அங்கே ஒரு வீடு உண்டு. புருஷன் பாறை உடைக்கும் வேலை செய்து நுரையீரல் கெட்டுப்போனவர். அவர் மனைவி தினமும் காலையில் களியக்காவிளை ஆபீஸுக்குப் போன் போட்டு, “காத்து இருக்கா மக்களே, பாத்துச் சொல்லு” என்று கேட்பார். ஒரு நாள் தவறாது. அன்று கூப்பிடவில்லை என்று எங்கள் பெண் சொன்னாள். நல்லது, அங்கே குறை எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளியும் போனில் பதறினார். “அம்பூரிக்கு விடு மோளே, மத்ததைப் பின்னே நோக்காம்!”

என் மனசும் அம்பூரி என்றுதான் சொன்னது. ஆனால் பார்க்காமல் வண்டியை அனுப்ப எனக்குச் சம்மதமில்லை. இத்தனை பாடுபட்டு ஒரு கதவை வைத்துவிட்டு, அவசரத்தில் குருட்டாம்போக்கில் போவதா? “கொஞ்சம் பொறுங்க சார். பாத்துட்டுச் சொல்றேன். நான் சாவியை எடுக்கப் போறேன்” என்று லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தெருவில் இறங்கியபோதுதான் உறைத்தது. ஹர்த்தால் அன்று களியக்காவிளை திறந்திருக்கும் என்று அவ்வளவு புத்திசாலித்தனமாக யோசித்த நான், ஹர்த்தால் அன்று அங்கே எப்படிப் போவேன் என்று யோசிக்கவே இல்லை. ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்பில். ஒர்க்‌ஷாப் பூட்டிக் கிடக்கிறது. ஆட்டோ ஒன்றுகூட இல்லை. களியக்காவிளைப் பெண்ணை வரச் சொல்லலாமென்றால், போனை எடுக்க அங்கே வேறு ஆள் இல்லை. சாறல் மழையில் நேஷனல் ஹைவேயில் விறுவிறுவென்று நடந்தேன். காலி ரோடு. என்னைப் பார்த்து ஒரு நாய்கூட எழுந்திருக்கவில்லை.

பின்னால் ஹாரன் சத்தம். முன்கண்ணாடியில் பூமாலை தொங்க ஒரு வேன் வந்து நின்றது. ஜன்னல் வழியே பட்டுச்சேலை கட்டிய ஒரு அத்தை எட்டிப் பார்த்தார்.

“எங்கோட்டு மக்கா, மழையில தனியா?”

“களியக்காவிளைக்கு. ஒரு நோயாளிக்க காரியம், ரொம்ப அவசரம்.”

“ஏறு, ஏறு. கல்யாண வண்டியாக்கும். ஒருத்தனும் தடுக்க மாட்டான்.”

உண்மைதான். ஹர்த்தாலில் கல்யாணத்துக்கு விலக்கு உண்டு. பெண் வீட்டார் தமிழ்நாட்டுப் பக்கம் மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஈரச் சுடிதாரோடு நான் தயங்கினேன். மணப்பெண் தன் சேலையை ஒதுக்கிப் பக்கத்திலேயே இடம் தந்தாள். நகையும் மல்லிகையும் ஏலக்காய் வாசமுமாக இருந்த கூட்டத்துக்கு நடுவே, லேப்டாப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாறசாலை ஜங்ஷனில் கொடியோடு நின்றவர்கள் கை காட்டினார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். எல்லாரையும் விட்டுவிட்டு அவர் கண் என் பையில்தான் நின்றது. “இது ஆரு? கல்யாணத்துக்கு லேப்டாப்பும் கொண்டா போறது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். “பெண்ணுக்க கூட்டுக்காரியாக்கும். அவளுக்க ஆபீஸ்ல கல்யாணத்துக்குக்கூட லீவு தர மாட்டாங்க. நீங்க வேணும்னா அதுக்கொரு ஹர்த்தால் நடத்துங்க.”

அவர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். வண்டி முழுக்கச் சிரிப்பு. என்னால்தான் சிரிக்க முடியவில்லை. டிரைவர் அண்ணனின் கேள்வி காதிலேயே நின்றது.

ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டார்கள். “காரியம் முடிஞ்சா சாப்பிட வந்துரணும் கேட்டியா” என்றார் அத்தை. உள்ளே அந்தப் பெண் சாவியை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள். சொருகினேன். ஈர விரலை அது ஏற்கவில்லை. துப்பட்டாவில் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். திறந்தது.

வீடுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. அம்பூரி பச்சை. சிலிண்டரைத் தொடவே இல்லை; அப்படியென்றால் கரண்ட் போகவே இல்லை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே ஒரே ஒரு சிவப்பு. காஞ்சிரங்குளம்.

தினமும் கூப்பிடுகிறவர் அன்று ஏன் கூப்பிடவில்லை? நம்பரைப் பார்த்து அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

“ஹர்த்தாலாக்கும் மக்களே. நீங்க எப்பிடி வருவீங்க, பாவம். ஆறு மணி கழிஞ்சு கூப்பிடலாம்னு இருந்தேன்.”

“அண்ணன் எப்படி இருக்காரு?”

“மூச்சு கொஞ்சம் இழுக்குது. ஆறு மணி வரைக்கும் காத்து வரணுமே, அதனால கொஞ்சம் குறைச்சு வச்சிருக்கேன்.”

புருஷனின் மூச்சை ஆறு மணி வரைக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. ஹர்த்தால் என்றால் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று எங்கள் ஊரில் எல்லாரும் பழகிய பழக்கம்தான், அவரையும் அப்படிச் செய்ய வைத்தது. “அக்கா, டாக்டர் சொன்ன அளவுக்கே திறந்து வையுங்க. இப்பவே வையுங்க. வண்டி வந்துட்டே இருக்கு” என்று சொல்லி, அவர் வைத்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் போனை வைத்தேன்.

“அண்ணே, கடலுக்கு!” என்று டிரைவரிடம் போனில் கத்தினேன். வண்டி கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

நானும் அந்தப் பெண்ணும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் இறங்கிக்கொண்டே வந்தது. திடீரென்று அந்த வீடே திரையிலிருந்து மறைந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பழைய சிலிண்டரைக் கழற்றி மீட்டரை மாற்றும்போது அப்படித்தான் மறையும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மூச்சு விட மறந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு அதே இடத்தில் பச்சையாக வந்தது. அவள் அழுதுவிட்டாள். நானும்தான்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே கூப்பிட்டு, போனைப் புருஷனிடம் கொடுத்தார். “எத்தனை ஹர்த்தாலுக்கு நான் கொடி பிடிச்சு வண்டியை நிறுத்தியிருக்கேன், தெரியுமா மக்களே” என்றார் அவர், இடையிடையே மூச்சு வாங்கியபடி. “இன்னைக்கு எனக்கே வண்டி வருது பாரு.” சிரிக்க முயன்று இருமினார். அந்த இருமலைக் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அம்பூரிக்கு விட்டிருந்தா...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு, “ரெண்டு கிளவுட்டும் இருக்கட்டும் மோளே” என்றார். அந்தப் பேச்சு எங்களுக்குள் அத்தோடு முடிந்தது.

மத்தியானம் மண்டபத்துக்குப் போனேன். அத்தை கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்தார். பெண்ணின் பெயரோ மாப்பிள்ளையின் பெயரோ தெரியாமல், அடைப்பிரதமன் பாயசம்வரை ஒரு பிடி பிடித்தேன். என்னைப் பார்த்ததும் மணப்பெண் கண்ணாலேயே கேட்டாள். நன்றாக முடிந்தது என்று தலையை ஆட்டினேன். மாலையோடு நின்றவள் முகம் மலரச் சிரித்தாள்.

இப்போது எங்களுக்கு வாசல் இரண்டு பக்கமும் உண்டு. சாவியும் இரண்டு. அதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை, யாரும் செய்வார்கள். நான் புதிதாகச் சேர்த்த வழக்கம் ஒன்று உண்டு. ஹர்த்தால் என்று அறிவித்தால் போதும், அன்று காலை எல்லா வீட்டுக்கும் நாங்களே முதலில் போன் போட்டு, “இன்னைக்கும் நாங்க வருவோம்” என்று சொல்லிவிடுவோம். அந்தக் காஞ்சிரங்குளத்து அம்மா மட்டும் எங்களை முந்திக்கொண்டு கூப்பிடுகிறார். கூப்பிடுகிறவர்களிடம் ஓடிப்போக யாராலும் முடியும். யாரையும் கூப்பிடாமல், கதவைச் சாத்திக்கொண்டு, ஆறு மணி ஆகட்டும் என்று காத்திருக்கும் ஒரு வீட்டைக் கண்ணில் வைத்திருக்கத்தான் இந்த இரண்டு கிளவுட்டையும் நான் கட்டி மேய்க்கிறேன் என்பதை, ஒவ்வொரு முறை அந்தத் திரையைத் திறக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.