எஸ்தர் சிஸ்டர் கொடுத்தனுப்பிய கேள்வி

போன திங்கட்கிழமை ராஜபாளையத்திலிருந்து கிரேஸ் தொலைபேசியில் பேசினாள். எஸ்தர் சிஸ்டரின் தங்கை மகள். "பெரியம்மா காலைல போயிட்டாங்க சார். தூக்கத்துலயே."

"வயசு என்னம்மா?" என்று கேட்டேன். செய்தியாளனின் நாக்கில் முதலில் வருவது அதுதான். கேட்ட பிறகே வெட்கப்பட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "சர்ட்டிபிகேட்ல அறுபத்திரெண்டு. பெரியம்மா கணக்குல அறுபத்தஞ்சு."

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இரண்டு ஊர்ப் பெண்களையும் வயது கேட்டே துளைத்தெடுத்தவருக்குச் சொந்த வயது இரண்டு விதமாக இருந்திருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு சிஸ்டர் ராஜபாளையத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் செவிலியராக இருந்தார். அந்த மருத்துவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, புதன்கிழமை மதியங்களில் நோயில்லாத பெண்களை வரச்சொல்லிப் பார்த்தார். நோயில்லாதவள் எதற்கு டாக்டரிடம் போக வேண்டும் என்று ஊருக்கு விளங்கவில்லை. விளங்கவைப்பது சிஸ்டரின் பொறுப்பு. வயதுக்கு வந்த பெண் என்றால் கீழிமையை இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார். முப்பதைத் தாண்டியவளுக்கு ரத்த அழுத்தமும் மார்பில் கட்டி இருக்கிறதா என்பதும். பிள்ளை பெற்று ஓய்ந்தவளுக்கு மருத்துவர் உள்ளே பார்த்து, புற்றுநோய்ச் சோதனைக்காகக் கண்ணாடித் தகட்டில் தடவி எடுத்துக் கொடுப்பார். தகடுகளைச் சிஸ்டர் பக்குவமாகக் கட்டி மதுரை ஆய்வகத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோவார்.

ஐம்பதைக் கடந்தவர்களை வரவழைப்பதுதான் பெரும்பாடு. மாதவிலக்கு நின்றதோடு அந்தக் கவலையும் முடிந்தது என்று அவர்கள் நினைத்தார்கள். ஒரு புதன்கிழமை குறிப்பெடுக்கப் போயிருந்தேன். வாசலோடு திரும்பப் பார்த்த ஓர் அம்மாள், "எல்லாம் நின்னு போச்சு சிஸ்டர். கடையச் சாத்தியாச்சு. இனி என்னத்தப் பாக்கப் போறீய?" என்றார்.

"கடையச் சாத்துனாலும் உள்ள எலி ஓடுதான்னு பாக்கணும்லா. வாங்க உள்ள" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் சிஸ்டர்.

அந்த அறையைப் பற்றி எங்கள் பத்திரிகையில் நான்கு முறை எழுதியிருக்கிறேன். ஐம்பது கடந்தவர்களும் கட்டாயம் வர வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எழுதினேன்.

ஊர்ப் பெண்கள் நாள் தவறாமல் விடியலில் கோயிலுக்கு வரும் மார்கழி மாதத்தில், சிஸ்டர் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, ஆண்டாள் கோயில் தெருவில் பூக்கடை ஓரமாக டீ டம்ளருடன் நிற்பார். கோயிலுக்குள் போகமாட்டார், அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச் உண்டு. "ஏட்டி, எஸ்தரம்மா ஆண்டாளுக்கு ஆஜர் எடுக்க வந்துட்டாவ, வெரசாப் போங்கட்டி!" என்று பூக்கடைக்கார அம்மாள் தினமும் கேலி செய்வார்.

உண்மையில் அது ஆஜர்தான். விலக்கு நின்று பல ஆண்டான பெண்ணுக்கு மறுபடி ரத்தம் பட்டால் அது ஆபத்தின் அறிகுறி. அவள் அதை யாரிடமும் சொல்லமாட்டாள். ஆனால் தீட்டு என்று கோயிலுக்கு வராமல் இருந்துவிடுவாள். "வாயத் தொறந்து சொல்ல மாட்டாளுவ தம்பி. ஆனா ஆண்டாள ஏமாத்த மாட்டாளுவ" என்றார் சிஸ்டர் ஒருமுறை. விட்டு விட்டு வராமல் போகும் வயதானவர்களைக் குறித்துக்கொண்டு போய் விசாரிப்பார். அப்படிக் கண்டுபிடித்தவர்களில் சிலர் இன்றும் அதே தெருவில் நடமாடுகிறார்கள்.

ஒரு மார்கழியில் அவர் என்னைத்தான் நிறுத்தினார். "தம்பி, ஒங்க அக்காவ ரெண்டு நாளா காணலையே. போன வாரமும் இப்படித்தான் காணாமப் போயிட்டு வந்தாவ."

என் மூத்தவள் கோதையக்காவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. இளவயதிலேயே கணவனை இழந்தவள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

"முட்டு வலி சிஸ்டர்."

"அவிய சொன்னாவளா, நீங்க சொல்லுதியளா?"

"நானாத்தான் நெனச்சேன்."

"அப்ப கேட்டுட்டு வந்து சொல்லுங்க. என்ன கேக்கணும்னு தெரியும்லா?"

தெரியும். வீட்டில் அக்கா பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்கு அன்றாடம் மாலை கட்டுபவள் அன்று பூவைத் தொடவில்லை. கலெக்டரிடமும் மில் முதலாளியிடமும் கூசாமல் கேள்வி கேட்டவன் நான். அக்காவிடம் அந்தக் கேள்விக்கு வாய் வரவில்லை. "என்னக்கா, முட்டு வலியா?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "ஆமாப்பா" என்றாள்.

பதிலை நாமே கேள்விக்குள் வைத்துக் கொடுத்தால், எதிரில் இருப்பவர் தலையாட்டத்தான் செய்வார். என் தொழிலில் முதலில் தவிர்க்க வேண்டிய பிழை இது. மறுநாள் பூக்கடை ஓரத்தில், "கேட்டேன் சிஸ்டர், முட்டு வலிதான்" என்றேன்.

"அவிய வாயால சொன்னாவளா?"

"சொன்னா."

சிஸ்டர் பையிலிருந்த நோட்டை எடுத்து அக்காவின் பெயரை அடித்தார்.

ஆடியில் அக்காவை மதுரைக்குக் கொண்டுபோனோம். கர்ப்பப்பை வாயில் தொடங்கிய புற்று எங்கெங்கோ பரவிவிட்டது என்றார்கள். அடுத்த மார்கழிக்கு அவள் இல்லை. கடைசி மாதங்களில் சிஸ்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து அவளுக்கு உடம்பு துடைத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

காரியமெல்லாம் முடிந்து, அவரை பஸ் ஏற்றிவிட நடந்தபோது நான்தான் கேட்டேன். "அக்கா ஒங்ககிட்ட எதும் சொன்னாளா?"

சிஸ்டர் பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நின்றார். "அவன் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சிஸ்டர்னு சொன்னாவ." பஸ் வந்தது. ஏறும் முன் திரும்பி, "எம்மேலயும் தப்பு இருக்கு தம்பி. ரிப்போர்ட்டர் கேட்டா சரியாத்தான் கேட்டிருப்பாருன்னு இருந்துட்டேன்" என்றார்.

அதன்பின் அவர் எந்த ஆணிடமும் கேள்வி கொடுத்து அனுப்பியதில்லை. முழங்கால் வீங்கிப்போன வயதிலும் ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டுக்கும் அவரே நடந்தார்.

ராஜபாளையத்தில் அவரை அடக்கம் செய்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து நின்ற பெண்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் நடுவே அக்காவுக்கும் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

சிஸ்டரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரே ஒரு கேள்வி. அவிய சொன்னாவளா, நீங்க சொல்லுதியளா? அதன் பிறகு எழுதிய ஒவ்வொரு செய்தியையும் அந்தக் கேள்வியை வைத்துச் சரிபார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன். அன்று பூக்கடை ஓரத்தில் அவர் என்னிடமே அதை இரண்டாம் முறை கேட்டபோது, "சொன்னா" என்றேன். அக்கா சொன்னது "ஆமாப்பா" மட்டும்தான்.