எல்லாக் கேள்விக்கும் ஐந்து

ஊக்கம் என்ற சொல்லை யாராவது என் காதில் போட்டால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் சொல்லைப் பல வருடங்கள் கட்டிக்கொண்டு அழுதவள் நான். மனிதர்கள் ஒரு காரியத்தை எதற்காகச் செய்கிறார்கள், எதற்காகப் பாதியில் விடுகிறார்கள் என்று படிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. புனேயில் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்தேன். நிரந்தரமாக இல்லை, மணிக்கணக்கு ஆசிரியை. ஒவ்வொரு ஜூன் மாதமும் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பதில் வருமா என்று காத்திருக்கிற மாதிரி மே மாதம் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நிரந்தர வேலைக்குப் பி.எச்.டி. வேண்டும். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழக விதி. என் பதிவுக்காலம் முடிந்து, நீட்டிப்பு வாங்கி, அந்த நீட்டிப்பும் முடியப் போகிற சமயத்தில் புனேயிலேயே ஓர் உளவியல் மாநாடு அறிவித்தார்கள். ஊக்கம்தான் பொருள். என் கெடுவுக்குள் வேறு மாநாடு எதுவும் இல்லை. அதில் என் கட்டுரை வந்தால் பட்டமும் வேலையும். வராவிட்டால் இத்தனை வருடப் படிப்பும் குப்பை.

என் ஆய்வுக்கு வழிகாட்டியான கைடு தமிழர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து புனேயிலேயே பேராசிரியராக நிலைத்தவர். நாங்கள் வேலூர்க்காரர்கள், அப்பா புனேயின் கட்கிப் பகுதியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு இவர் கைடாகக் கிடைத்த அன்று அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. “அரே, நம்ம ஆளு! இனிமே உனக்கு என்னா டென்ஷன்?” என்றார். நம்ம ஆளு. இந்த இரண்டு சொல்லை நம்பிக் கெட்டவர்கள் எத்தனை பேரோ, நானும் ஒருத்தி.

என் ஆய்வு, கணவருக்கு வேலை மாற்றலாகிப் புனேக்கு வந்ததால் தங்கள் வேலையை விட்டுவிட்ட படித்த தமிழ்ப் பெண்களைப் பற்றியது. மறுபடியும் வேலைக்குப் போகும் ஊக்கம் அவர்களிடம் எந்த அளவுக்கு இருக்கிறது? கேள்வித்தாளில் வரிசையாக வாக்கியங்கள். ‘சிறிதும் உடன்பாடில்லை’ என்றால் ஒன்று, ‘முழுக்க உடன்படுகிறேன்’ என்றால் ஐந்து. புனேயின் கராடிப் பகுதியில் அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏறினேன். வாசலில் செக்யூரிட்டியிடம் பெயர், போன் நம்பர் எல்லாம் சொல்லி, அவர் மேலே கேட்டு அனுமதி வாங்கி, லிஃப்ட் வந்து, கதவு திறந்தால் காபி தயாராக இருக்கும். தமிழில் பேச ஒருத்தி வந்திருக்கிறாள் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். முறுக்கு, தட்டை என்று ஊரிலிருந்து வந்ததையெல்லாம் எடுத்துவைப்பார்கள். அதன்பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, “எவ்வளவு போடணும்?” என்று கேட்பார்கள். உங்கள் மனதில் உள்ளதைப் போடுங்கள் என்பேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு மடமடவென்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் ஐந்து. ‘மறுபடியும் வேலைக்குப் போக எனக்கு மிகுந்த ஆர்வம்’ என்பதற்கும் ஐந்து. ‘காலையில் எழுந்திருக்கவே எனக்கு மனமில்லை’ என்பதற்கும் ஐந்து. இப்படி எதிர்மாறாகச் சில வாக்கியங்களை ஊடே வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். படித்துப் பார்த்துப் போடுகிறார்களா, கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்களா என்று அதில் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டது.

விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் ஓர் அக்கா இருந்தார். கோயம்புத்தூர்க்காரர். அங்கே ஒரு நூல் மில்லில் நூலின் தரத்தைச் சோதிக்கும் பிரிவில் என்ஜினியராக இருந்துவிட்டு, கணவரோடு இங்கே வந்தவர். அவரும் எனக்கு எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுக்கொடுத்திருந்தார். தாளை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போய், ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன்.

“ஏங் கண்ணு, கம்மியாயிருச்சா?” என்றார் பதறிப்போய். “அஞ்சுக்கு மேல போடறதுக்கு எடமில்லையே!”

அவர் எனக்கு மார்க் போட்டிருக்கிறார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“சோறு கொண்டாற பையன், கேஸ் ரிப்பேர் பண்ண வர்றவன், அத்தனை பேரும் அஞ்சு ஸ்டார் குடுங்க மேடம், இல்லாட்டி வேலை போயிரும்னு கெஞ்சறானுங்க. நீ பாவம், வெயில்ல அலையறே. நாங்க ரெண்டு, மூணுன்னு போட்டா உங்க சார் உன்னைய வைய மாட்டாரா? நம்ம புள்ளையாச்சேன்னு எல்லாத்துக்கும் அஞ்சு போட்டேன். நம்ம தமிழ் வாட்ஸ்அப் குரூப்புலயும் சொல்லிப்போட்டேன், வந்தா அஞ்சு போட்டு அனுப்புங்கன்னு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதைவிட அன்பாக ஓர் ஆராய்ச்சியை யாரும் நாசம் பண்ணியிருக்க முடியாது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சரி அக்கா, மார்க்கை விடுங்கள், நிஜமாகச் சொல்லுங்கள், மறுபடியும் வேலைக்குப் போக ஆசை இருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் முந்தானையால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். “ஆசையா?” என்றார். “இந்த ஊருக்கு வந்து இத்தனை வருசத்துல அதைய யாருமே கேக்கலை கண்ணு. கேக்காம கேக்காம அது எங்க போச்சுன்னே தெரியலை. ஸ்கூல் பஸ் வருதுன்னு எந்திரிக்கறேன். அது வராத நாள்ல எதுக்கு எந்திரிக்கறதுன்னு படுத்தே கெடக்கறேன்.”

அதன்பிறகு முடிந்தவரை எல்லா வீட்டுக்கும் மறுபடி போனேன். தாள் இல்லாமல், பேனா இல்லாமல், சும்மா உட்கார்ந்து கேட்டேன். சிலர் பேசினார்கள், சிலர் பேச்சை மாற்றினார்கள். ஒரு பெண் என்னை வாசலோடு அனுப்பினாள். அதையெல்லாம் வைத்து மாநாட்டுக்கு ஆய்வுச்சுருக்கம் எழுதினேன். தனக்கென்று எந்த ஆசையும் மிச்சமில்லாத பெண்கள்கூட, வாசலில் வந்து நின்ற இன்னொரு பெண்ணுக்கு வேலை கிடைக்கட்டும் என்பதற்காக ஐந்து ஐந்தாகப் போடுகிறார்கள். ஊக்கத்தை அளக்கப் போனவள் கண்டது அதைத்தான் என்று எழுதினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் எழுதியதிலேயே உருப்படியானது அது ஒன்றுதான்.

எங்கள் துறையில் மாணவர்கள் மாநாட்டுக்கு நேரடியாக எதையும் அனுப்ப முடியாது. கைடுதான் மாநாட்டு இணையதளத்தில் தன் கணக்கில் புகுந்து அனுப்புவார். படித்துப் பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இதோ பாரும்மா, இவ்வளவு நல்ல டேட்டா கையில இருக்கு. எதுக்கு அதைப் போட்டு உடைக்கறே?”

“டேட்டாவே பொய் சார். எதிர்மாறான கேள்விக்கும் அஞ்சு போட்டிருக்காங்க.”

“அப்போ அந்தக் கேள்விகளை எடுத்துடு. முடிஞ்சுது.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். “சரி சரி, ஃபைலைக் குடு. நான் பார்த்து அனுப்பறேன். நம்ம பொண்ணு, உன்னை விட்டுடுவேனா?”

கொடுத்துவிட்டு வந்தேன். சில வாரங்களில் ‘ஏற்கப்பட்டது’ என்று மின்னஞ்சல் வந்தது. குதித்தேன். குதித்து முடித்துவிட்டுக் கட்டுரையின் தலைப்பைப் படித்தேன். புலம்பெயர்ந்த படித்த பெண்களிடம் வேலைக்கான ஊக்கம் மிக உயர்ந்த நிலையில் இருக்கிறது என்று இருந்தது. கீழே இருந்த சுருக்கத்தில் எதிர்மாறான கேள்விகளைக் காணோம். நான் எழுதிய ஒரு வரியும் இல்லை. அவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. மேடையில் வாசிப்பவர் நான்.

மறுநாளே அவர் அறைக்குப் போய், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன்.

“யோசிச்சுப் பேசு. இது இல்லேன்னா உன் ரெஜிஸ்ட்ரேஷன் போயிடும். உனக்காகத்தானே இத்தனையும் பண்ணினேன்?”

“காலையில எழுந்திருக்கவே மனசில்லாதவங்களை வேலைக்குத் துடிக்கறாங்கன்னு நான் போய் மேடையில சொல்லணுமா சார்?”

“அவங்க யாரும் அங்க வந்து கேக்கப் போறதில்லையே” என்றார். நிஜமாகவே எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். மேசைமேலிருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை, என் பெயரை நீக்கச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். இத்தனை வருடப் பழக்கம்.

என் கணவர் லோஹேகாவில் விமானப்படை அலுவலகத்தில் குமாஸ்தா. ஊர்ப்பட்ட பொறுமைசாலி. விஷயத்தைச் சொன்னதும் அவரே அன்றைக்குத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். “பாகல் ஆயிட்டியா நீ? பைத்தியமா? ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பட்டம் வாங்கறான். நீ மட்டும் என்னா ஸ்பெஷல்? ஊக்கத்தைப் பத்திப் படிச்சுப் படிச்சு இருந்த ஊக்கத்தையும் தொலைச்சிட்டு நிக்கறே.” நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்.

மாநாட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. புண்ணைச் சொறிகிற புத்தி. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் கைடு தனியாகவே வாசித்தார், நன்றாகவும் வாசித்தார். கேள்வி நேரத்தில் ஓர் இளம்பெண் எழுந்து, எதிர்மாறான வாக்கியங்கள் ஏன் இல்லை என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஆயிரம் கும்பிடு போடலாம்.

அவர் சிரித்தார். “வைத்திருந்தோம். ஆனால் அந்தப் பெண்களுக்கு அந்த வாக்கியங்கள் சரியாகப் புரியவில்லை. அதனால் நீக்கிவிட்டோம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். சபை தலையாட்டியது.

புரியவில்லையாம்! நூலைத் தொட்டே தரம் சொல்லுகிற என்ஜினியருக்குத் தமிழில் எழுதிய ஒரு வரி புரியவில்லையாம். எழுந்து கத்த வேண்டும் என்று இருந்தது. தேநீர் இடைவேளை என்று அறிவித்துவிட்டார்கள். எல்லோரும் சாபுதானா என்கிற ஜவ்வரிசி வடைக்கு வரிசையில் நின்றார்கள். அந்தக் கட்டுரைக்குத்தான் பரிசும் கொடுத்தார்கள்.

கீழ்வீட்டு அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். ஒருத்தராவது நீ செய்தது சரி என்று சொல்லக் காது ஏங்கியது. அக்கா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். “அய்யோ கண்ணு, எங்களுக்காகவா உன்ற படிப்பைத் தொலைச்சே? நாங்க பொய்யிதான் போட்டோம், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுதுன்னு விட்டிருக்கலாமே!” அன்றைக்கு எனக்கு எல்லோரையும்விட அவர்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. அவர் கொடுத்த காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பதிவு ரத்தானதாகக் கடிதம் வந்தது. அந்த ஜூனில் கல்லூரியிலிருந்து போன் வரவில்லை. பி.எச்.டி. முடித்தவர்களே கிடைக்கிறார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பிறகு நானும் காலையில் எழுந்து டிபன் கட்டி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்ளப் பழகினேன்.

அப்படிப் படுத்திருந்த ஒருநாள் காலையில் என் கைடு போன் செய்தார். சௌக்கியமா என்று கேட்டார், வீட்டுக்காரரை விசாரித்தார், அப்பாவை விசாரித்தார். ஏதாவது வழி வைத்திருக்கிறாரோ என்று, வெட்கம் கெட்ட மனது, ஒரு நிமிடம் நம்பிவிட்டது. எழுந்து உட்கார்ந்தேன்.

“புது ப்ராஜெக்ட் ஒண்ணு வந்திருக்கும்மா. முன்ன பண்ணினதோட தொடர்ச்சிதான். வேலையை விட்ட படிச்ச பொண்ணுங்க வேணும். உன் ஞாபகம்தான் முதல்ல வந்தது. நீ கரெக்ட்டா பொருந்துவே. பேர் எங்கயும் வராது, கவலைப்படாதே.”

“நான் வேலையை விடலை சார்” என்றேன். “நீங்க பிடுங்கினீங்க.”

அந்தப் பக்கம் அவர் இருமினார். பிறகு, கேள்விகள் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது என்றார்.