பூசணம் என்று நான் சுரண்டிய சீஸ்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு சித்திரை மாதம். கத்தாரில் வேலை பார்க்கும் என் கணவர் இரண்டு வருடம் கழித்து லீவில் அறந்தாங்கி வந்திருந்தார். பெட்டி பிரிக்கும் நாள் என்றால் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆஜராகிவிடுவார்கள். சென்ட், சோப்பு, பாதாம் எல்லாம் ஆளுக்கொன்றாகக் கைமாறின.

அடியில் ஐஸ் பையில் சுற்றி இரண்டு சீஸ் இருந்தன. ஒன்று முக்கோணமாக வெட்டிய துண்டு. இன்னொன்று சின்ன மரப்பெட்டிக்குள் முழு வட்டம். "ரெண்டும் பிரான்ஸ் சீஸ். வந்து காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

பிரித்துப் பார்த்தால் இரண்டின் மேலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. வழியிலேயே கெட்டுப்போச்சு, பாவம், மனுஷன் ஆசையாகக் கொண்டுவந்தாரே என்று, ஊறுகாயில் எடுப்பதுபோல ஸ்பூனால் சுத்தமாகச் சுரண்டினேன். துண்டு போட்டு ஒரே தட்டில் இரண்டு பக்கமாக வைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

குளித்துவிட்டு வந்தவர் தட்டைப் பார்த்து நின்றுவிட்டார். பூசணத்தைச் சுரண்டிவிட்டேன் என்றேன். "பூசணந்தான். ஆனா அதுதான் இதோட தோலு. அதையும் சேத்துத்தான் திங்கணும்" என்றார். என் மாமியார் விடுவாரா? "வெளிநாட்டுலேர்ந்து பூசணத்த வாங்கியாந்திருக்கான் பாரு!" வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். கணவர் தட்டை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

எல்லாரும் போன பிறகு தட்டோடு மேலே போனேன். "இதப்பத்தியெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாலு வருசமா சீஸ் கவுண்டர்ல நான்தானே நிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. சூப்பர் மார்க்கெட்டில் வேலை என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. எப்போது வருவீர்கள் என்று ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அங்கே நாளெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"தோல் இல்லாம எது எதுன்னு சொல்லுவீங்களா?" என்று சீண்டி, அவர் தோளில் கிடந்த துண்டால் கண்ணைக் கட்டினேன். மாற்றி மாற்றி ஊட்டினேன்.

"இது பிரீ, அந்த முக்கோணம். சாது. வெண்ணெ வாசம் வரும்... இது கமம்பேர், மரப்பெட்டியில இருந்த வட்டம். மழைக்கு மறுநா காளான் மொளைச்ச எடத்துல ஒரு வாசம் வருமே, அது."

ஆறு துண்டும் சரி. நானும் தின்று பார்த்தேன். இரண்டுமே உப்புப் போட்ட வெண்ணெய் மாதிரிதான் இருந்தன. மூன்றாவது வாயில்தான் அந்தக் காளான் லேசாகத் தட்டுப்பட்டது. சொன்னேன். கண்கட்டை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பெட்டி பிரித்தபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் போனில், "இன்னைக்கு என்ன வெட்டுனீங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல, அந்த நாலு வருடமும் இதைச் சொல்ல ஆளில்லாமல் இருந்தாரே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.